கிழிந்த குழாய்

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவது குறித்து நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எந்த ஊசி நல்லது, எந்த மென்பொருள், எந்தக் கோப்பு வடிவம் என்றெல்லாம் கேட்பார்கள். ஒலியின் அளவை எங்கே நிறுத்துவது என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒரு குமிழைத் திருப்புகிற காரியம்தானே என்ற எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலை நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள். என் மாமா கொடுத்த விலை வேறு. அதையும் சேர்த்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

என் தாய்மாமா சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். ஊருக்குள் ‘மைக் செட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய்கள்தான் மரத்தில் ஏறும். ஆடித்தபசு சமயத்தில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். ஆம்ப்ளிபயர், ரெக்கார்ட் பிளேயர், இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு மரப்பெட்டியும் நிறைய இசைத்தட்டுகள், சுருள் சுருளாக வயர் என்று அவருடைய உலகம் ஒரு மாட்டு வண்டிக்குள் அடங்கிவிடும். ஒலிநாடாக்கள் வந்து தட்டுகளை ஒதுக்கிவிட்ட பிறகும், 1980-களின் கடைசிவரை, முதல் பாட்டை மட்டும் அவர் தட்டில்தான் போடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல் அது.

அந்த முதல் பாட்டின்போது அவர் செய்கிற ஒரு காரியத்தைச் சிறுவனாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு தெருக்கோடிவரை நடந்து போவார். அங்கே நின்று, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். திரும்பி வந்து குமிழைக் கொஞ்சம் குறைப்பார். கூட்டி நான் பார்த்ததில்லை. விழா நடத்துகிறவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று நச்சரிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாரே தவிர குமிழைத் தொடமாட்டார். ஏன் மாமா என்று ஒருமுறை கேட்டேன்.

“மிச்சம் வைக்கணும்லா மருமவனே. நடுச்சாமத்துல பூசாரிக்கு அருள் வந்து மைக்க வாய்க்குள்ள வச்சுக் கத்துவாரு. இப்பவே முழுசாத் திருப்பிட்டா அப்ப எங்க போறது? குழாய் கிழிஞ்சிரும்.”

ஒலிப்பதிவுக்காரர்கள் அந்த மிச்சத்துக்கு ஒரு கலைச்சொல் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் விடும் இடம் என்பது அதன் பொருள். மாமாவுக்கு அந்தச் சொல் தெரியாது. பின்னாளில் அந்தச் சொல்லைப் படித்துத் தெரிந்துகொண்ட எனக்கு, தெரியவேண்டிய சமயத்தில் அந்த விஷயம் தெரிந்திருக்கவில்லை.

*

2006 கோடை விடுமுறை. மாமா தொழிலை விட்டு, பழகிய இரண்டொரு கொடைகளுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தார். வீட்டை இடித்துக் கட்டுவதாக ஏற்பாடு. தட்டுப் பெட்டிகளை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளங்களில் ஒரு கணினி வாங்கியிருந்தேன். சுமார் 140 தட்டுகள். மாமாவின் பிளேயரையும் வாங்கிவந்து, அதன் வயரைக் கணினியின் முன்பக்கத்தில் இருந்த இளஞ்சிவப்புத் துளையில் செருகினேன். பின்பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு துளை இருந்தது. மேசையை நகர்த்தவேண்டுமே என்ற சோம்பலில் அதை நான் பொருட்படுத்தவில்லை.

என் பிழை முழுவதும் அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இளஞ்சிவப்பு, மைக்குக்கான துளை. மைக் தருவது சில மில்லிவோல்ட் அளவுள்ள மிக மெல்லிய மின்னலை. ஆகவே அந்தத் துளைக்குப் பின்னால் அதைப் பலமடங்கு பெருக்கும் ஒரு சுற்று இருக்கும். நீலம், ஏற்கெனவே பெருக்கப்பட்டு வரும் ஒலிக்கானது. மாமாவின் பிளேயரில் இருந்தது பழைய படிக வகைத் தலை. காந்த வகைத் தலையிலிருந்து 5 மில்லிவோல்ட் வருமென்றால், படிகத் தலையிலிருந்து அரை வோல்ட்டும் அதற்கு மேலும் வரும். ஏறத்தாழ 100 மடங்கு. பூசாரி மைக்கை வாய்க்குள் வைத்துக் கத்துவதைப் போன்றதுதான் நான் செய்த இணைப்பு.

முதல் தட்டைப் போட்டதும் திரை நிறைய அலைகள் எழுந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. மென்பொருளில் இருந்த அளவுக் கட்டையை இழுத்துக் குறைத்தேன். சிவப்பு அணைந்தது, அலைகளும் சற்றுக் குள்ளமாயின. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் ஒன்றும் சரியாகவில்லை. அலைகளின் உச்சி வெட்டுப்பட்டது மைக் துளையை அடுத்த பெருக்கியில். நான் குறைத்தது அதற்கும் அப்பால் இருந்த கட்டையை. தலை வெட்டப்பட்ட உருவத்தைச் சிறிதாக்கினால் சிறிய முண்டம்தான் கிடைக்கும். தலை திரும்பி வராது.

பழைய நாடாப் பதிவில் இப்படி ஒரு தவறு ஓரளவு மன்னிக்கப்பட்டது. அளவு மீறினால் காந்த நாடா படிப்படியாகத் திணறும். அலையின் உச்சி மழுங்கும். காதுக்கு அது சில சமயம் இதமாகக்கூட இருக்கும். எண்முறைப் பதிவில் உச்ச வரம்பு பூஜ்யம். அதனால்தான் அதன் அளவுமானியில் எண்கள் எல்லாம் கழித்தல் குறியோடு இருக்கின்றன. பூஜ்யத்துக்கு மேல் எழுத எண்ணே கிடையாது. அதைத் தாண்டுகிற அலை எவ்வளவு உயரமானாலும் பூஜ்யத்திலேயே கோடு போட்டாற்போல் நிறுத்தப்படும். காதில் அது ஒரு கரகரப்பாக, துணி கிழிவதைப் போலக் கேட்கும்.

எனக்கு அது கேட்கவில்லையா என்றால், கேட்டது. மாமா திருவிழாக்களில் ஊசி துள்ளாமல் இருப்பதற்காகக் கையின்மேல் நாலணா நாணயம் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார். அந்தப் பாரத்தில் வரிகள் தேய்ந்து போயிருக்கின்றன, கிழிசல் தட்டிலேயே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வசதியான சமாதானம். ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து எல்லாத் தட்டுகளையும் எம்.பி.3 கோப்புகளாக்கி, குறுந்தகடுகளில் பதிந்து மாமா கையில் கொடுத்தேன்.

“எல்லாம் இதுக்குள்ள இருக்கு மாமா. இனித் தட்டு எதுக்கு?”

தென்காசியிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசி எடுத்துப்போனார். பெட்டிகளை வேனில் ஏற்றும்போது மாமா கூட நின்று, தட்டுகளைப் படுக்கப் போடக்கூடாது, நிறுத்தித்தான் வைக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரி சரி சரி என்றார்.

*

2009-இல் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. புது வீட்டு வாசலில் ஒரு குழாயாவது கட்டவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. பரணிலிருந்து ஒன்றை இறக்கித் துடைத்துக் கட்டினார். என் குறுந்தகட்டைப் போட்டோம். விநாயகர் பாட்டு எழுந்தது. மாமா வழக்கம்போலத் தெருக்கோடிக்கு நடந்தார்.

சற்று நேரத்தில் வேகமாகத் திரும்பி வந்தார். “குழாய் கிழிஞ்சிருக்கு மருமவனே. டயாபிரம் போயிருச்சு” என்றார். பாட்டை நிறுத்தி, குழாயை இறக்கி, யூனிட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சவ்வில் கிழிசல் எதுவும் இல்லை. இருந்தாலும் புதிது ஒன்று வாங்கிவரச் சொல்லி மாற்றினார். மறுபடி அதே கரகரப்பு. வயர்களை மாற்றினார். ஆம்ப்ளிபயரை மாற்றினார். குமிழைக் கிட்டத்தட்ட அடிவரை குறைத்துப் பார்த்தார். சத்தம் குறைந்ததே ஒழியக் கிழிசல் அப்படியே இருந்தது. சுற்றி நின்றவர்கள், “நல்லாத்தானே கேக்கு அண்ணாச்சி” என்றார்கள்.

மாமா வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டார். “அப்ப எனக்குத்தான் காது போச்சு போல” என்று சிரித்தார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் திறந்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலைத்தொடரைப் போல இருக்கவேண்டிய கோடு, மேலும் கீழும் ஒரே மட்டத்தில் அரிவாளால் சீவிய வேலியைப் போல இருந்தது. தேய்ந்த வரியிலிருந்து வரும் கிழிசல் இப்படி இராது. அதில் அலைகள் ஒழுங்கற்றுச் சிதையும், உயரமும் இடத்துக்கு இடம் வேறுபடும். எல்லாப் பாட்டுகளிலும், எல்லாத் தட்டுகளிலும், ஒரே உயரத்தில் தட்டையாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நாலணாவின் மேல் பழிபோட இனி வழியில்லை.

மறுநாள் காலையிலேயே மாமாவிடம் சொல்லியிருக்கவேண்டும். உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது, அந்தக் கூட்டத்தில் சரியாகக் கேட்டது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், தட்டுகள் போய்விட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும். நான் சொல்லவில்லை. அடுத்த கொடையில் சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மாமா கொடைகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காது சரியில்லாதவன் குமிழைத் தொடக்கூடாது என்று, எஞ்சிய சாமான்களைத் தன்னிடம் வேலை பார்த்த பையனிடம் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னார். 2015-இல் மாமா காலமானார். தன் காது கெட்டுவிட்டது என்ற நம்பிக்கையோடுதான் போனார்.

*

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. எங்கள் பக்கத்து ஊர்தான். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, ஆகமப்படி என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள், பிறகு வருத்தப்படுவார்கள். நானும் ஆண்டுதோறும் அவர்களோடு சேர்ந்து வருத்தப்பட்டுவந்தேன். 2009-க்குப் பிறகு அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது என் வழக்கமாயிற்று. ஏட்டை எரித்தவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது. நான் தெரிந்தே, பெயர்த்தெழுதிவிட்டோம் என்ற தைரியத்தில் மூலத்தை அனுப்பியவன். பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் மூலத்தைக் கைவிடக்கூடாது என்பது பதிப்புத்துறையின் முதல் பாடம். அதைத்தான் நான் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

வெட்டுப்பட்ட உச்சிகளைச் செப்பனிடும் கருவிகள் மென்பொருள்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். வெட்டின் இருபுறமும் அலை எந்தச் சரிவில் ஏறி இறங்குகிறது என்பதைக் கொண்டு, நடுவில் இருந்திருக்கக்கூடிய உச்சியை அவை ஊகித்து வரைகின்றன. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டு இருந்தால் ஊகம் பலிக்கும். என் கோப்புகளில் நொடிக்கு நூற்றுக்கணக்கான வெட்டுகள். கரகரப்பு சற்று அடங்கியது. குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதைப் போல ஆகிவிட்டது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அவற்றை யாரேனும் ஊகித்து எழுதிச் சேர்த்தால் அதைப் பதிற்றுப்பத்து என்று ஏற்போமா? அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

*

2021-இல் அத்தை சொல்லியனுப்பினார். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது, மாமாவுடையது, வந்து பார் என்று. போனேன். 23 தட்டுகள், பழைய வேட்டித் துணி சுற்றி, நிறுத்திய வாக்கில் இருந்தன. வியாபாரி வந்த அன்று காலையில் மாமாவே ஒதுக்கி மேலே ஏற்றி வைத்தாராம். “இத மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டாக. ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னாக, நீ வருத்தப்படுவியாம்” என்றார் அத்தை.

‘திருவிளையாடல்’ வசனத் தட்டு, சீர்காழியின் விநாயகர் பாடல், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், நாகூர் ஹனிபா, சில 45 சுழற்சித் தட்டுகள், செங்கோட்டை கிட்டப்பாவின் இரண்டு 78 சுழற்சித் தட்டுகள். இம்முறை அவசரப்படவில்லை. காந்த வகைத் தலையுள்ள ஒரு பிளேயரும், அதற்கான முன்பெருக்கியும், 24 பிட்டில் பதியும் ஒரு வெளிக்கருவியும் வாங்கினேன். ஒரே தட்டை நாலைந்து முறை பதிந்து அழித்துக் கற்றுக்கொண்டவற்றைக் கீழே சொல்கிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் முன்பெருக்கி. தட்டில் வரி வெட்டும்போது கனத்த ஒலிகளைக் குறைத்தும் கூரிய ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் வரி அகலமாக வளைந்து பக்கத்து வரியில் முட்டும். கூரிய ஒலியை அப்படியே விட்டால் தட்டின் இரைச்சலில் மூழ்கும். கேட்கும்போது இதைத் தலைகீழாக்கிச் சமன் செய்வது முன்பெருக்கியின் வேலை. 1954-இல் இதற்குப் பொதுவான ஓர் அளவு ஏற்பட்டது. அதற்குமுன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 78 சுழற்சித் தட்டுகளின் வரியும் அகலம். அவற்றுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி.க்கான ஊசி அதில் மூன்றில் ஒரு பங்கோ இன்னும் குறைவோதான். அது 78-இன் வரிக்கு அடியில் கிடக்கும் தூசியைத்தான் பாடும்.

அடுத்து அளவு. தட்டின் தொடக்கத்தைக் கேட்டு அளவை நிறுத்தக்கூடாது. ‘திருவிளையாடல்’ தட்டில் நாகேஷின் தருமி தனக்குத்தானே புலம்புகிற இடத்தை வைத்து அளவை நிறுத்தினால், சிவாஜிக்கும் நக்கீரராக வரும் ஏ.பி. நாகராஜனுக்கும் வாதம் முற்றுகிற இடத்தில் அத்தனையும் வெட்டுப்படும். தட்டில் ஆகப் பெரிய ஒலி எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் தட்டைப் பிடித்துப் பார்த்தால் ஓரளவு கண்ணுக்கே தெரியும். ஒலி மிகுந்த இடங்களில் வரிகள் அதிகமாக அலைவதால் வெளிச்சம் வேறுவிதமாகப் படும். அந்த இடத்தில் ஊசியை வைத்து, இசை அல்லது பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபல் அருகே நிற்கும்படி அமைக்கலாம். ஒரு தட்டுக்கு அமைத்தது அடுத்த தட்டுக்கு ஆகாது. ஒரு பக்கத்தில் நிறையப் பாடல்களை அடைத்த எல்.பி.யில் வரிகளை நெருக்கி, ஒலியைக் குறைத்தே வெட்டியிருப்பார்கள். 45 சுழற்சித் தட்டில் ஒலி பெரும்பாலும் ஓங்கியிருக்கும்.

கழித்தல் 12 என்பது பலருக்கு மிகக் குறைவாகத் தோன்றும். 6 டெசிபலுக்கு ஒருமுறை அலையின் உயரம் பாதியாகும் என்பதால், திரையில் அலை கால்வாசி உயரமே இருக்கும். பார்க்கச் சோகையாக இருப்பது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 16 பிட் பதிவில் 65,536 படிகள். மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. அதில் 12 போனாலும் 84 மிஞ்சும். நல்ல எல்.பி. தட்டின் இடைவெளியே 60, 70 டெசிபல்தான். மாமாவின் தட்டுகளில் அதுவும் இராது. 24 பிட்டில் படிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். குறைத்துப் பதிந்ததால் இழப்பது ஏதுமில்லை. குறைவாகப் பதிந்ததைப் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த மிச்சம் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. கீறல் விழுந்த தட்டில் ஊசி கீறலைக் கடக்கும்போது எழும் ‘டக்’ என்ற ஓசை இசையைவிட உயரமாக இருக்கும். இசையைக் கழித்தல் 12-இல் வைத்தால், கீறல்கள் கழித்தல் 3 வரை போய் நிற்க இடமிருக்கும். பதிந்து முடித்த பிறகு முதலில் கீறல் ஓசைகளை நீக்கவேண்டும். அதன்பின்தான் மொத்த அளவை உயர்த்தவேண்டும். வரிசையை மாற்றினால் ஒரேயொரு கீறலின் உயரம் பாட்டு முழுவதன் அளவையும் தீர்மானித்துவிடும். ஒற்றைத் தடப் பதிவுகளில் இரு பக்க அளவுகளையும் சமப்படுத்தி ஒன்றாகக் கூட்டினால், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சலில் பெரும்பகுதி தானே கழிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. உயர்த்தும்போது பாட்டுப் பாட்டாக உயர்த்தாமல் தட்டின் ஒரு பக்கத்தை மொத்தமாக எடுத்து உயர்த்தவேண்டும். இல்லையென்றால் தாலாட்டும் தெம்மாங்கும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஓசையின் நிலைகளைச் சொல்கிறது. எல்லாவற்றையும் எடுத்தலாகவே ஆக்கிவிடும் கருவிகள் இன்று ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன. படுத்துச் சொன்ன இடம் படுத்தே இருக்கட்டும்.

*

கிட்டப்பாவின் தட்டைப் பதிந்த இரவை மறக்கமுடியாது. 1933-இல், 27 வயதில் இறந்துபோன மனிதர். செங்கோட்டை எங்களுக்குத் தூரமில்லை. தட்டில் மணல் கொட்டுவதைப் போன்ற இரைச்சல். அதற்கு மேலே, எட்டாத உயரத்தில் அந்தக் குரல். 2006-இல் நான் பதிந்த கோப்பையும் புதியதையும் ஒரே திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். மேலே சீவிய வேலி. கீழே, குள்ளமாக இருந்தாலும், ஒவ்வொரு உச்சியும் தன் உயரத்தில். பழைய கோப்பில் நான் தேய்மானம் என்று நினைத்திருந்த கிழிசல் புதியதில் இல்லை. தட்டு அத்தனை காலமும் நன்றாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் போய்விட்ட மற்றத் தட்டுகளிலும் பல நன்றாகவே இருந்திருக்கும்.

அந்தப் பழைய கோப்புகளை நான் அழிக்கவில்லை. மீண்டும் கிடைக்காத பாட்டுகளுக்கு இப்போது அவைதான் ஏடு. ஒவ்வொன்றின் பெயரோடும் ‘உச்சி வெட்டுப்பட்டது, 2006, பிழை பதிந்தவனுடையது’ என்று சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் தட்டையோ பாடகரையோ குறைசொல்லக்கூடாது அல்லவா? தங்கள் காதையும்.

சென்ற ஆடியில் ஊருக்குப் போனபோது, 23 தட்டுகளின் புதிய பதிவையும் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் கொண்டுபோனேன். அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. விநாயகர் பாட்டைப் போட்டுவிட்டு, 2006-இலும் 2009-இலும் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் காதில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று சொன்னேன். அத்தை பாதியில் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பாட்டு முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

“அவுகளுக்குத் தெரியும்யா” என்றார் கடைசியில். “பேத்தி காதுகுத்து முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ரேடியோவுல இதே பாட்டு வந்துச்சு. நல்லாக் கேட்டுட்டு, எங்காது சரியாத்தான் இருக்குன்னாக. ஒங்கிட்டச் சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாக.”

எனக்குப் பேச்சு வரவில்லை. தனக்குக் காது போய்விட்டது என்று நம்பியல்ல, எனக்காகத்தான் அவர் குமிழைக் கைவிட்டார் என்றால், நான் இத்தனை ஆண்டுகள் சுமந்தது வேறு ஒரு பாரம். இது அதைவிடக் கனமாக இருந்தது.

“மறுபடி போடு” என்றார் அத்தை. போட்டேன். “மாமா இன்னுங் கொஞ்சம் கூட வைப்பாக” என்றார். மாமா ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். பாட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எழுந்து தெருக்கோடிவரை நடந்து போய் நின்று கேட்டேன். கிழிசல் இல்லை.